பாக்கியலட்சுமி வரைந்த அடுப்பங்கரை

நாரிஸ் ரோட்டில் பாக்கியலட்சுமியைத் தெரிந்தவர்கள் அவளை நல்லவள் என்றும் சொன்னதில்லை, கெட்டவள் என்றும் சொன்னதில்லை. மறக்கத் தெரியாதவள் என்றுதான் சொல்வார்கள். யார் எந்தக் கிழமையில், எந்தப் படியில் நின்றுகொண்டு, என்ன சொல்லால் தன்னைக் குத்தினார்கள் என்று கேட்டால் பத்து வருஷத்துக்கு முந்தையதையும் பிசகாமல் சொல்லுவாள். பெற்ற பெண்கள் இரண்டு பேருக்கும் பல் முளைத்தது எப்போது என்று கேட்டால்தான் யோசிப்பாள்.

குடியிருப்பு சாக்குக் கடைக்கு மேல்மாடியில். கீழே மருதப்பன், முத்துசாமி என்று அண்ணன் தம்பி இருவரும் பழைய சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து, அரிசிக் கிடங்குகளுக்கு விற்றார்கள். மேலே அவர்களுடைய மனைவிமார் இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். சாக்குத் தூசி மாடிப்படி ஏறி வரும். வெறுப்பு மட்டும் கீழே இறங்கிப் போகாது, ஏனென்றால் ஆண்கள் இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மூத்தவர் மருதப்பனின் மனைவி கண்மணி. இளையவர் முத்துசாமியின் மனைவிதான் பாக்கியலட்சுமி.

ஜொகூர் பாருவிலிருந்து 1946-இல் கல்யாணமாகி வந்தவள் அவள். அப்பா நில அளவை இலாகாவில் சங்கிலி பிடிக்கிற வேலை பார்த்தவர். காட்டையும் ரப்பர் தோட்டத்தையும் அடி அடியாக அளந்து, துரை கையில் இருந்த வரைபடத்தை எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்ட மனுஷர். அவர் கொடுத்த சீர்வரிசையில் பித்தளை நசுங்கியது, பாய் கிழிந்தது. கண்ணளவு மட்டும் மகளிடம் நின்றது. ஒரு இடத்தைப் பார்த்து இத்தனை அடி, இத்தனை அங்குலம் என்பாள். நாடா வைத்தால் கால் அங்குலம் தப்பாது.

வந்து ஏழு வருஷம் கண்மணியின் அடுப்பங்கரையில் அவள் எடுபிடியாக இருந்தாள். எவ்வளவு அரிசி, எவ்வளவு புளி, யார் தட்டில் எத்தனை துண்டு மீன், எல்லாம் கண்மணி வைத்ததுதான் சட்டம். மாமியார் இருந்தவரை கொஞ்சம் பிடிமானம் இருந்தது. அவர் போன பிறகு அவர் சொல்லிவைத்த ஒரு பழக்கம் மட்டும்தான் மிச்சம். படைப்பதற்கு முன்னால் குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்தால் எச்சிலாகிவிடும். அதனால் உப்புப் போட்டவள் கரண்டியைச் சட்டியின் மேல் குறுக்கே வைத்துவிட வேண்டும். கரண்டி குறுக்கே கிடந்தால் உப்புப் போட்டாயிற்று, கிடக்காவிட்டால் போடவில்லை. மருமகள்கள் இருவருக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது.

1953-இல் ஒரு வியாழக்கிழமை பாக்கியலட்சுமியின் அப்பா காய்ச்சலோடு மகளைப் பார்க்க வந்தார். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

"சோறு தீந்துபோச்சு. இனிமே யாரு உலை வைக்கிறது?" என்று கண்மணி கூடத்தில் நின்று, அவர் காதில் விழும்படியே சொன்னாள். பானையில் சோறு இருந்தது, ராத்திரிக்கு. அவர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, "பரவால்ல தாயி, எனக்குப் பசியில்ல" என்று படி இறங்கினார். அவர் தெருமுனை திரும்பியதும் பாக்கியலட்சுமி, குளிப்பதற்குக் காய்ந்துகொண்டிருந்த வெந்நீர்ப் பானையைத் தூக்கித் தரையில் அடித்தாள். கண்மணியின் மகள் லீலாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. என்ன சத்தம் என்று ஓடி வந்த அவள் இடது பாதம் வெந்துபோயிற்று. அடுத்த மாதம் அப்பா செத்துப்போனார். பாதம் ஆறித் தழும்பாயிற்று. கண்மணி செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாக்கியலட்சுமி வெந்த காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தோடு பேச்சு நின்றது. மருதப்பன் ஆளைக் கூட்டி வந்து அடுப்பங்கரைக்கு நடுவே பலகை அடித்து அதை இரண்டாக்கினார். சன்னல் பாக்கியலட்சுமி பக்கம் வந்தது. வீட்டுக்குள் வானம் தெரிவதற்காக விட்டிருந்த திறப்பும் தண்ணீர்க் குழாயும் கண்மணி பக்கம் போயின. குழாய் ஒன்றே ஒன்று. பலகையில் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒரு ரப்பர் குழாய் இவள் பக்கம் வந்தது. வேண்டும்போது திறக்கச் சொல்ல வாய் வேண்டுமே, வாய்தான் கிடையாதே. கரண்டிக் காம்பால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினால் தண்ணீரைத் திற என்று அர்த்தம். ஒரு தட்டுக்குப் போதும், மூடு என்று அர்த்தம். மூன்று தட்டினால் உன் அடுப்பில் பால் பொங்குகிறது என்று அர்த்தம். பால் வழிந்து நெருப்பில் விழுந்தால் வீட்டுக்கே ஆகாது என்பதால் அந்த மூன்று தட்டு மட்டும் எதிரிக்கும் உண்டு. ஒன்பது வருஷம் அவர்கள் பேசிய மொழி இவ்வளவுதான்.

பலகையோ மெல்லியது. அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தினால் இந்தப் பக்கம் கேட்கும். கண்மணிக்கு வானத் திறப்பின் ஓரமாக ஒரு மூலை இருந்தது. அங்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் அழுவாள். எதற்கு அழுகிறாள் என்று பாக்கியலட்சுமி யோசித்ததே இல்லை. சத்தம் கேட்ட அன்றைக்கு இவளுக்குச் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கும். இவளும் சன்னலுக்குக் கீழே குந்தி அழுதிருக்கிறாள். அப்போதெல்லாம் அந்தப் பக்கம் தேங்காய் துருவுகிற சத்தம் சட்டென்று நின்றுவிடும். நின்று கேட்கிறாள், பாவி, என்று இவளுக்குத் தெரியும்.

இதிலிருந்து தப்பிக்கப் பாக்கியலட்சுமி ஒரு வழி கண்டிருந்தாள். குவீன்ஸ்டவுனில் ஹவுசிங் போர்டு கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் வீடு கேட்டு ஒரு விண்ணப்பத் தாள். மகள்களின் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பி வாங்கிவிட்டாள். முத்துசாமியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அரிசி டின்னுக்கு அடியில் அது எட்டு மாதமாகக் கிடந்தது. அவள் கேட்கும்போதெல்லாம் முத்துசாமி சொல்கிற பதில் ஒன்றுதான்: "அண்ணன் ஒரு வார்த்த சொல்லட்டும்." அண்ணன் எதிரே போனால் அந்த மனுஷனுக்கு வாயில் கொழுக்கட்டை.

1962-இல் லீலாவுக்கு வரன் வந்தது. பையனுக்குத் தஞ்சோங் பகாரில் துறைமுக அலுவலகத்தில் வேலை, மெஸ்ஸில் சாப்பாடு. தாய் ஈப்போவில் இருந்தார். செல்லக்கண்ணு அம்மாள் என்று பேர். மூன்று வீட்டுப் பெண்களைப் பார்த்து வேண்டாம் என்றவர்.

"அந்தம்மா பொண்ண அப்புறந்தான் பாக்கும்" என்றார் தரகர். "மொதல்ல நேரா அடுப்பங்கரைக்குள்ள போகும். ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்சா போச்சு. செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கிடும்."

மருதப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ராஃபிள்ஸ் பிளேஸில் டைப்பிஸ்டாக வேலை பார்த்த லீலாதான் வழி சொன்னாள். அலுவலகத்தில் கிடந்த இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் சுவரே இல்லாத அடுப்பங்கரைப் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

"பலகைய மட்டும் எடுத்தா, பலகை இருந்த எடம் நல்லாத் தெரியும்ப்பா. கூடத்துக்கும் கிச்சனுக்கும் நடுவுல இருக்கிற சுவரையும் சேத்து எடுத்துடுங்க. கூடத்துல உக்காந்தா அடுப்பு தெரியணும். எல்லாம் ஓப்பன். இப்ப அதான் ஃபேஷன் லா."

பாதி அடுப்பங்கரை பாக்கியலட்சுமியுடையது. அவள் சம்மதிக்காமல் ஒரு ஆணி பிடுங்க முடியாது. அதோடு அந்த வீட்டில் அடி அங்குலம் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். மருதப்பன் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி மனைவியிடம் குரலை இறக்கிப் பேசினார்.

"ஏம்மா பாக்கியம், நம்ம வீட்டுப் புள்ள காரியம். நீதான் பாத்துச் செஞ்சு குடுக்கணும்."

"நம்ம வீடா? பலகைக்கு எந்தப் பக்கத்த சொல்றீங்க மாமா?"

"பழசெல்லாம் எதுக்கும்மா."

"செஞ்சு குடுத்தா எனக்கு என்ன?"

மருதப்பன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார்.

"கல்யாணம் முடிஞ்ச மறு மாசம் தம்பி அந்தத் தாள்ல கையெழுத்துப் போடட்டும். நானே சொல்றேன். குவீன்ஸ்டவுனோ எங்கயோ, நீங்க தனியாப் போங்க. போதுமா?"

உள்ளே கண்மணி பக்கத்தில் ஏதோ ஒரு பாத்திரம் மெதுவாகக் கீழே வைக்கப்பட்டது. அவளுக்கும் வேண்டியது அதுதான். இந்தப் பீடை தொலைந்து குழாயும் சன்னலும் தனக்கே ஆக வேண்டும். இரண்டு பேரும் ஒரே காரியத்துக்கு ஆசைப்பட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலையில் பாக்கியலட்சுமி கூடத்துச் சாமான்களை ஓரம் கட்டிவிட்டு, சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே அடுப்பங்கரையை முழு அளவில் வரைந்தாள். தாளில் வரைந்தால் துரைக்குத்தான் புரியும், தரையில் வரைந்தால் இடுப்புக்குப் புரியும் என்று அப்பா சொல்லுவார். இது அடுப்பு மேடை, கேஸ் அடுப்பு இரண்டு கண். இது தொட்டி, குழாய் இனிமேல் சன்னலுக்குக் கீழே. சுவர் இருந்த இடத்தில் ஃபார்மைக்கா ஒட்டிய நீள மேசை, கூடத்திலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்க. தட்டு முட்டுச் சாமான்களுக்குக் கதவில்லாத அலமாரி. எல்லாம் வெளிச்சம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வேலைக்கு வந்திருந்த தச்சர் அஹமது கபீர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"அம்மா, நான் பங்களா வேலையெல்லாம் செஞ்சிருக்கேன். இப்படி ஒருத்தரும் போட்டுக் காட்டினதில்ல."

"மேடை ரெண்டு அடி பத்து அங்குலம், பாய்."

அது அவளுடைய முழங்கை உயரம். கண்மணி அவளைவிட மூன்று அங்குலம் குட்டை. அந்த மேடையில் தோளைத் தூக்கிக்கொண்டே கிண்டினால் ஒரு வருஷத்தில் கண்மணிக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். இது பாக்கியலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

நாலடி தள்ளி நின்ற கண்மணி, "ரெண்டு அடி ஏழு போடச் சொல்லுங்க பாய்" என்றாள், தச்சரைப் பார்த்து.

"ரெண்டு அடி பத்துன்னு சொன்னேன்னு சொல்லுங்க பாய்" என்றாள் பாக்கியலட்சுமி, அவளும் தச்சரைப் பார்த்து.

அஹமது கபீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற அடுப்பங்கரையா, கோர்ட்டுக்குக் கட்டுகிறதா என்று அவருக்குப் புரியவில்லை. "நடுவுல வைக்கிறேன். ரெண்டு பேருக்கும் வலிக்கட்டும்" என்று பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார்.

பிறகு கோட்டுக்குள்ளே நடந்து பார்க்க வேண்டும் என்று லீலா சொன்னாள். இரண்டு பேரும் காலிப் பானைகளைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்குள் நடந்தார்கள். அடுப்பிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து மேசை. ஒருத்தி சேலை ஒருத்தி மேல் படவில்லை. ஒன்பது வருஷம் ஒருவர் காலடியை ஒருவர் காதால் அளந்தவர்கள், எங்கே திரும்புவாள், எப்போது குனிவாள் என்பதெல்லாம் மனப்பாடம். ஒரு சுற்று முடிந்ததும் கண்மணி வானத் திறப்பு ஓரத்து மூலைக்குப் போனாள், வரைபடத்தில் அந்த மூலை இருந்த இடத்துக்கு. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நகரவில்லை.

"அம்மா, அவங்க அங்க என்னமோ கேக்கணும்போல நிக்கிறாங்க" என்றார் அஹமது கபீர்.

"வாய் இருக்குல்ல."

கண்மணியின் உதடு ஒரு தடவை பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. பானையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாக்கியலட்சுமிக்கு அவள் எதற்காக நின்றாள் என்று தெரியும். அழுகிற மூலை. பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்த மூலையை அவள் காதாலேயே அளந்து வைத்திருந்தாள். மூன்றடிக்கு இரண்டரை அடி. அப்பா பசியோடு படி இறங்கின சத்தம் அன்றைக்கும் அவள் காதில் இருந்தது. குனிந்து அந்த மூலைக்கு நேராக இன்னும் ஒரு அலமாரி வரைந்தாள், தரை முதல் மேல்வரை, கதவில்லாமல். இனிமேல் அழுகிறதென்றால் கூடத்தில் இருக்கிற அத்தனை பேர் முன்னாலும் அழு. சன்னலுக்குக் கீழே தன்னுடைய இடத்தையும் தொட்டிக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு மாதத்தில் போகிறவளுக்கு எதற்கு?

வேலை பதினாறு நாள் நடந்தது. நடுப்பலகையைப் பிடுங்கிய அன்று, ஒன்பது வருஷத்துக் கரண்டித் தட்டில் அது இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் குழிந்திருந்ததை அஹமது கபீர் எடுத்துக் காட்டினார். இரண்டு பேருமே பார்க்காத மாதிரி இருந்தார்கள். வெள்ளை ஓடு பதித்தாயிற்று, கேஸ் குழாய் வந்தாயிற்று. கடைசியில் ஒரு சிக்கல்: இரண்டு உப்பு ஜாடி, இரண்டு அஞ்சறைப் பெட்டி, இரண்டு அரிவாள்மணை. யாருடையது மேடையில் இருப்பது? முகங்களில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. லீலா தேக்கா கடைத்தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் புதிதாக ஒன்று ஒன்று வாங்கி வந்தாள். பழையவை எல்லாம் கீழே சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் போயின.

செல்லக்கண்ணு அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகனோடு வந்தார். கட்டையான உருவம், மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி, கையில் வெற்றிலைப் பை. கூடத்தில் போட்டிருந்த நாற்காலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்து, "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கம்மா. நான் சும்மா இருக்கேன்" என்றார். ஒரு மணி நேரம் சும்மாவே இருந்தார். கண் மட்டும் சும்மா இருக்கவில்லை.

இரண்டு பேரும் சமைத்தார்கள். பேச முடியாது, பேச வேண்டியும் இல்லை. பாக்கியலட்சுமி மீன் கழுவக் குனிந்தவள் பழக்கதோஷத்தில் கரண்டிக் காம்பால் மேடையை இரண்டு தட்டுத் தட்டினாள். குழாய் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் கண்மணி, அவளும் பழக்கதோஷத்தில், எட்டித் திறந்துவிட்டாள். ஒரு தட்டுக்கு மூடினாள். கண்மணி சாம்பாரில் உப்பைப் போட்டுக் கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டு நகர்ந்தாள். பாக்கியலட்சுமி அந்தச் சட்டியைத் தொடாமல், கரண்டி இல்லாத கூட்டுக்குப் போய் உப்புப் போட்டாள். பாயசத்துப் பால் எழும்பியபோது முதுகைக் காட்டி நின்ற பாக்கியலட்சுமிக்கு மூன்று தட்டுக் கேட்டது. திரும்பாமலே கையை நீட்டி அடுப்பைத் தணித்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

சாப்பாடு முடிந்தது. உப்பும் உறைப்பும் அளவாக இருந்தன. செல்லக்கண்ணு அம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

"நாலு மருமக இருந்த வீட்டுல வாழ்ந்து வந்தவ நான். அடுப்பங்கரைன்னா சண்டைதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இங்க பாருங்க, ரெண்டு தட்டு தட்டுனா தண்ணி வருது. கரண்டிய வச்சா உப்பு புரியுது. வாயத் தொறக்கவே வேண்டியிருக்கல. கூடப் பொறந்தவளுங்க கூட இப்படி ஒத்துப்போக மாட்டாளுங்க, சம்பந்தி!"

சம்பந்தி என்ற சொல் வந்துவிட்டது. மருதப்பனின் முகம் மலர்ந்தது. அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிற தாள் பாக்கியலட்சுமியின் கண் முன்னால் வந்தது. ஜெயித்தாயிற்று.

"ஆனா ஒன்னு" என்றார் செல்லக்கண்ணு அம்மாள். "பையன் மெஸ்ஸுல தின்னு வயித்தக் கெடுத்துக்கிட்டான். கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும். நானும் வந்துடுறேன், ஈப்போவுல எனக்கு யாரு இருக்கா? இந்த அடுப்பங்கரையப் பாத்துதான் நான் சரின்னு சொல்றேன். இது இப்படியே இருக்கணும். அண்ணன் தம்பி பிரியிற எண்ணம் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பிரியப்போற வீட்டுல நான் சம்பந்தம் வச்சுக்க மாட்டேன்."



"பிரியிறதா? எங்க வீட்டுலயா?" என்று மருதப்பன் சிரித்தார். "அந்தப் பேச்சுக்கே எடமில்லம்மா."

"சின்னவரே, நீங்க என்ன சொல்றீங்க?"

முத்துசாமி அண்ணனைப் பார்த்தார். மனைவி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணன் சொன்னா சரிதாங்க."

பாக்கியலட்சுமி மேடைக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒரு சொல் போதும். நாங்கள் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை, கீழே சாக்குக்குப் பின்னால் இன்னும் இரண்டு உப்பு ஜாடி இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சொன்னால் இந்தச் சம்பந்தம் அந்த நிமிஷமே முறிந்துபோகும். முறிந்தால் பலகை மறுபடி ஏறும். மருதப்பன் கொடுத்த வாக்கை இப்போதே விழுங்கிவிட்டார், அவரைக் காப்பாற்ற இவளுக்கு என்ன வந்தது? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

லீலா மேசை ஓரமாக நின்றுகொண்டு சித்தியைத்தான் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. புதுப் பட்டுச் சேலைக்குக் கீழே இடது பாதம் தெரிந்தது. கொலுசுக்கு அடியில் தழும்பு, உள்ளங்கை அகலம். அந்தப் பெண் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் காலைக் காட்டி இவளிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மா அப்பா காதில் விழாத நேரத்தில் சித்தி என்று கூப்பிட்டதையும் நிறுத்தவில்லை.

பாக்கியலட்சுமி வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் யாருக்காகவும் விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான், அதையும் வயிறெரிந்துகொண்டேதான் விட்டுக்கொடுத்தாள்.

கூடத்தில் சிரிப்பும் தாம்பாளமும் பழமும் வந்தன. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. திரும்பினாள். திரும்பின இடத்தில் கதவில்லாத அலமாரி, தட்டுகள், வெளிச்சம். சன்னலுக்குக் கீழே குந்தலாம் என்று போனால் அங்கே தொட்டி. எந்தப் பக்கம் நின்றாலும் கூடத்திலிருந்து முகம் தெரிந்தது. கதவு இல்லை, மறைப்பு இல்லை, பலகை இல்லை. ஒரு அங்குலம் தப்பாமல் அவளே அளந்து கட்டியது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் இனி யாரை நோவது?

பக்கத்தில் ஒருத்தி வந்து நின்றாள். கண்மணி. மகளுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது, ஆனால் குழாயும் சன்னலும் தனக்கு என்று அவள் கண்ட கனவும் அதே வெற்றிலையோடு மடிந்துபோயிற்று. இந்தப் பீடை இனி ஆயுசுக்கும் பக்கத்திலேயே. கண்மணியின் கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தால் கூடத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று துடைக்காமல், அழுகிற மூலை இருந்த இடத்து அலமாரியில் தட்டு அடுக்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பேசினாள், உதட்டை அசைக்காமல்.

"ஒரு மூலைகூட வைக்கலியேடி, பாவி."

பாக்கியலட்சுமி அடுத்த தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"ஒனக்கு இருக்கக் கூடாதுன்னுதான் எடுத்தேன். நானும் இங்கயே கெடப்பேன்னு கண்டேனா?"

இரண்டு பேரும் கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த தட்டுகளை எடுத்து எடுத்து மறுபடி அடுக்கினார்கள்.

"பாத்தீங்களா" என்றார் கூடத்திலிருந்து செல்லக்கண்ணு அம்மாள், மகன் தோளைத் தட்டி. "சாப்பிட்ட கை ஈரம் காயல, அதுக்குள்ள ரெண்டு பேரும் ரகசியம் பேச ஆரம்பிச்சுட்டாங்க."